கறுப்புப் பெல்ட்டுக்குப் பிறகு என்ன?

கேள்வி: ஆறு வருடம் கராத்தே கற்றுக் கறுப்புப் பெல்ட் வாங்கினேன். வேலையில் சேர்ந்ததும் வகுப்பு நின்றுபோய் இரண்டு வருடமாகிறது. 'கராத்தே ஒரு வாழ்க்கை முறை' என்று மாஸ்டர் அடிக்கடி சொல்வார். என் வாழ்க்கையில் எதுவும் மாறவில்லை. கோபம்கூடக் குறையவில்லை. தற்காப்புக் கலை உண்மையிலேயே வாழ்க்கை முறை ஆகுமா, இல்லை மாணவர்களைப் பிடித்துவைக்கச் சொல்லும் பேச்சா?

பதில்: ஆகும். உங்களுக்கு ஆகவில்லை என்றால், காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. கற்றேன், பெல்ட் வாங்கினேன், நின்றுபோனது என்கிறீர்கள். படித்து முடித்துச் சான்றிதழ் வாங்கியவரின் கணக்கு இது. நீங்கள் வாங்கிய தகுதியின் பெயர் 'ஷோடான்'. தொடக்கப் படி என்று பொருள். அடிப்படை அசைவுகள் உடம்புக்குப் பழகிவிட்டன, இனிமேல்தான் கற்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. வாசற்படி ஏறியதும் திரும்பிவிட்டீர்கள்.

மாஸ்டர் சொன்னது பழைய பேச்சுதான், ஆனால் வெறும் பேச்சல்ல. 1882-இல் டோக்கியோவின் ஒரு பௌத்தக் கோயிலில் 12 பாய் விரித்த இடத்தில் கானோ ஜிகோரோ ஜூடோவைத் தொடங்கினார். 'ஜுஜுட்சு' என்ற பழைய பெயரில் நுட்பத்தைக் குறிக்கும் 'ஜுட்சு'வை எடுத்துவிட்டு, வழியைக் குறிக்கும் 'டோ'வை வைத்தார். பெயரோடு விடவில்லை. குத்து, உதை போன்ற ஆபத்தானவற்றை, முன்பே வகுத்த அசைவு வரிசையான கட்டாவுக்குள் வைத்துக்கொண்டு, இருவர் மோதிப் பழகும் ரண்டோரியில் பாதுகாப்பாகச் செய்யக்கூடிய வீச்சுகளையும் பிடிகளையும் மட்டும் அனுமதித்தார். முழுப் பலத்தோடு மோதிய இருவரும் மறுநாள் மறுபடி வர முடிந்தது இதனால்தான். நாள்தோறும் செய்ய முடியாத எதுவும் வாழ்க்கை முறையாக இருக்க முடியாது.

ஜூடோவில் முதலில் கற்பதும் விழுவதைத்தான். குந்தி உட்கார்ந்த நிலையிலிருந்து, முதுகை வளைத்துப் பின்னால் உருள வேண்டும். மோவாயை நெஞ்சோடு ஒட்டிப் பெல்ட் முடிச்சைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பின்மண்டை தரையில் மோதும். இரு கைகளும் உடம்பிலிருந்து 30 முதல் 45 பாகை விலகி, உள்ளங்கை கீழாகப் பாயை அறைய வேண்டும். கை தோள் மட்டத்துக்கு ஏறினால் அதிர்ச்சி தோள்மூட்டுக்குப் போகும். பயத்தில் கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டோ காறையெலும்போ முறியும். அந்தப் பயம் போகப் பல நூறு தடவை விழ வேண்டும். ஈரத் தரையில் ஒருநாள் கால் வழுக்கும்போது மோவாய் தானாகவே நெஞ்சுக்குப் போகுமானால், கலை வகுப்பைத் தாண்டி வந்துவிட்டது.

இனி கோபம். எதிராளியோடு மோதிப் பழகும் ஸ்பாரிங்கில் உங்கள்மேல் ஒரு குத்து சரியாக விழுந்ததும் உங்கள் உடம்பு என்ன செய்தது என்று நினைத்துப் பாருங்கள். தோள் தூக்கியிருக்கும், மூச்சு நின்றிருக்கும், திருப்பி அடிக்கும் அவசரத்தில் முகத்தைக் காக்கும் கை இறங்கியிருக்கும். அடுத்த குத்தும் அங்கேயே விழும். அந்த நொடியில் மூச்சை வெளியே விட்டு, தோளை இறக்கி, எதிராளியின் கைக்கு எட்டாத தூரத்துக்கு அரை அடி பின்வாங்கி, பிறகு தொடங்குவதுதான் பயிற்சி. இதைத் திரும்பத் திரும்பச் செய்தவருக்குத்தான் அலுவலகத்தில் யாராவது சீண்டும்போது மூச்சு நினைவுக்கு வரும். பலமாக அடித்ததற்குக் கைதட்டு வாங்கியே வளர்ந்தவருக்குக் கோபம் குறையாது. அதற்கு நல்ல பயிற்சி கிடைத்துவிடும், அவ்வளவுதான். உங்கள் வகுப்பு எந்த வகை என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதே பேச்சைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. தலையில் அடிபட்டுத் தடுமாறுகிற மாணவனை 'வீரன் பாதியில் நிறுத்த மாட்டான்' என்று தொடரச் சொல்பவர், மூட்டை மடக்கும் பூட்டுப் பிடியில், 'விடு' என்று துணைவர் கையால் தட்டிய பிறகும் விடாதவரைக் கண்டிக்காதவர், இவர்களிடம் வாழ்க்கை முறை கற்க எதுவும் இல்லை. மூளையதிர்ச்சி என்ற சந்தேகம் இருந்தாலே அன்றைக்குப் பயிற்சி முடிந்தது. மருத்துவர் பார்க்காமல் திரும்பக் கூடாது.

வேலைக்குப் போகிறவருக்கு நேரம் ஏது என்பீர்கள். ஒருநாளைக்கு 20 நிமிடம் போதும், விடாமல் செய்தால். கராத்தேயை ஷோட்டோகான் முறையில் கற்றிருந்தால் ஹெய்யான் ஷோடான் என்ற கட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 21 அசைவுகள், ஒரு நிமிடம்கூட ஆகாது. முதல் தடவை பலமே இல்லாமல் மெதுவாக, இரண்டாவது நடுத்தர வேகத்தில், மூன்றாவது முழுப் பலத்தில். தொடங்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். முன்னே போகும்போது மேல்தடுப்போடு மூன்று எட்டு, திரும்பும்போது குத்தோடு மூன்று எட்டு என்பதால், முடிக்கும்போது கோட்டுக்கே வர வேண்டும். அரை அடி தள்ளி முடிந்தால், களைப்பிலோ அவசரத்திலோ ஏதோ ஒரு கால் நிலையைக் குறுக்கியிருக்கிறீர்கள். பெரும்பாலும் திரும்பி வரும் மூன்று எட்டுகளில்தான் அது நடக்கும், முடிவு தெரிந்துவிட்டதால். முன்கால் முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்றும் பாருங்கள். அது பாதம் நோக்கும் திசையிலேயே இருக்க வேண்டும். சாய்ந்தபடியே வருடக்கணக்கில் செய்தால் முட்டியின் உள்பக்கம் வலிக்கத் தொடங்கும்.

வகுப்புக்கும் திரும்புங்கள், வாரம் இரண்டு நாளாவது. கட்டா தனியாக வரும். தூரமும் பொறுமையும் எதிரில் ஆள் இருந்தால்தான் வரும். ஆனால் முதல் மாதம் ஸ்பாரிங் வேண்டாம். இரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு தசை சீக்கிரம் தேறிவிடும், தசைநாண்கள் தேற அதைவிட அதிக நாள் பிடிக்கும். பழைய வேகம் நினைவில் இருப்பதால் உடம்பு அதைத் தேடிப் போகும், குதிகால் நாணும் தொடையின் பின்தசையும் அங்கேதான் கிழியும். அந்த மாதம் அடிப்படை அசைவுகளும் கட்டாவும் மட்டும், வெள்ளைப் பெல்ட்காரர்கள் வரிசையிலேயே நின்று.