சாவியைத் திருப்பும் முன்: பழைய அம்பாசடர் என்ஜின் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி அம்பாசடர்தான். 2014-ல் உற்பத்தி நின்றதிலிருந்து, ஷெட்டில் மூலையில் கிடந்த என்ஜின்களுக்கெல்லாம் திடீர் மவுசு.

மாட்டுக்கொட்டகையில் 12 வருஷம் கிடந்த 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜினை வாங்கினேன். பேட்டரி கொடுத்துச் சுற்றினேன். 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு நின்றுவிட்டது. இப்போது என்ன செய்வது? (நாமக்கல் வாசகர்)

செய்யக்கூடாததைச் செய்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நீங்கள் மட்டுமல்ல, இந்த 'ஒரு செல்ஃப் அடித்துப் பார்த்துடலாம்' வியாதி ஊருக்கே இருக்கிறது. பழைய சாமான் சந்தையில் என்ஜினை வெள்ளி பெயின்ட் அடித்து நிறுத்தி, பேட்டரியை மாட்டி, 'பாருங்க சார், சுத்துது' என்று காட்டுவார்கள். அந்த நாலு சுற்றிலேயே துருப்பிடித்த போரை, அதாவது சிலிண்டரின் உட்சுவரை, பிஸ்டன் ரிங் கீறிவிடும். நானே ஒரு தடவை அப்படிக் காட்டியதை நம்பி வாங்கி வந்து, இரண்டு பிஸ்டனுக்கு ரிங் உடைந்திருந்ததைப் பிரித்த பிறகுதான் பார்த்தேன். விற்றவரைத் தேடிப் போனால் கடையே இடம் மாறியிருந்தது.

உங்கள் 'டக்' பெரும்பாலும் இரண்டில் ஒன்று. துருவில் ரிங் மாட்டியிருக்கும், இல்லையென்றால் கைடில் (வால்வு ஏறி இறங்கும் குழாய்) ஒட்டிய வால்வு இறங்காமல், அதை இயக்கும் புஷ் ராடு என்ற கம்பி வளைந்திருக்கும். இனி பேட்டரியைத் தொடாதீர்கள். நாலு பிளக்கையும் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் டேப்பட் ஸ்க்ரூக்களை முழுக்கத் தளர்த்தி வால்வுகளை விடுவியுங்கள். வால்வை அழுத்தும் ராக்கரை அப்படியே தூக்க நினைக்காதீர்கள். இந்த என்ஜினில் ராக்கரைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நாலு, ஹெட் நட்டுகளும்கூட. அதைக் கழற்றினால் ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கெட்டை மாற்றும் கதை ஆரம்பமாகும்.

பாதி டீசல், பாதி ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐம்பது மில்லி ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். அந்த வாரத்தில் சம்ப்பை, அதாவது என்ஜினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியை, கழற்றுங்கள். போன வருஷம் ஒரு என்ஜினுக்கு வடிகால் நட்டைத் தளர்த்தினேன். முதலில் கால் லிட்டர் தண்ணீர் வந்தது, அப்புறம்தான் எண்ணெய். உள்ளே ஆயில் பம்பின் வடிகட்டியை மூடிக்கொண்டு தார் மாதிரிக் களி. அதோடு ஸ்டார்ட் ஆகியிருந்தால் பியரிங் பத்து நிமிஷம் தாங்கியிருக்காது. சம்ப்பைக் கழற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். போன தடவையும் இதையேதான் எழுதினேன்.

வாரம் முடிந்ததும் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு, ஓடும் திசையில் கையால் அழுத்துங்கள். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் போதும், அந்தக் கலவையைத் திரும்ப ஊற்றிக் காத்திருங்கள். ஸ்பேனரில் நாலடி பைப் செருகுகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. இவ்வளவு செய்தும் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.

என்ஜின் ஜாம். எவ்வளவு செலவாகும்?

எந்த வண்டி, எந்த என்ஜின், எத்தனை வருஷம் கிடந்தது, எதுவுமே இல்லை. எனக்கு ஜோசியம் தெரியாது.

கம்ப்ரஷன் 90, 95, 60, 100 பிஎஸ்ஐ. போர் செய்தே (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியே) ஆகவேண்டும் என்கிறார் மெக்கானிக். (கரூர்)

அவசரப்படாதீர்கள். வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்த ரிங்குகள் முதல் நாளே முழு அளவு காட்டாது. மூன்றாவது சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. வால்வு என்றால் அதைத் தேய்த்துப் பொருத்தும் லேப்பிங்கிலேயே முடியலாம். நாலும் 120-ஐ ஒட்டி, பத்து சதவீத வித்தியாசத்துக்குள் வந்தால் போர் பற்றிய பேச்சே வேண்டாம்.

ஆயில் பம்பில் கிரீஸ் அடைத்து மாட்டலாமா?

கூடாது, அது எண்ணெயில் கரையாது. வாசலின் அடையுங்கள். பிளக் இல்லாமல் சுற்றி, ஆயில் கேஜ் முள் எழுந்த பிறகுதான் பிளக் மாட்டவேண்டும். சம்ப்பைக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பின்பக்க ஆயில் சீல் புதிதாகப் போட்டும் ஒழுகுகிறது.

எந்த சீல்? பழைய 1.5-ல் கிராங்கின் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும் சுருள் பள்ளம்தான் உண்டு. சீலுக்குக் காசு வாங்கியவரிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள். என்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாயையும் பாருங்கள். கிடந்த என்ஜினில் குளவி மண்கூடு கட்டி அதை அடைத்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உள்ளே காற்றழுத்தம் ஏறினால் எண்ணெய் கிடைத்த வழியில் வெளியே வரும்.

1968 அம்பாசடரில் 1.8 இசுசு என்ஜின் ஏற்ற ஆசை. ஆர்சியில் சிக்கல் வருமா? (திருச்சி)

கம்பெனியே அம்பாசடரில் 1.8 இசுசுவை ஐந்து கியரோடு கொடுத்தது. அதனால் என்ஜினை மட்டும் வாங்காமல் கியர்பாக்ஸ், மவுன்டிங், புரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து எடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கழற்றுவதற்கு முன்பே ஆர்டிஓவைப் பாருங்கள். வாங்கும் என்ஜினுக்கு பில்லும் பழைய ஆர்சி நகலும் இல்லையென்றால் வாங்கவே வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் வண்டி ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. 2021-ல் வந்த விதிப்படி வின்டேஜ் பதிவு வாங்க, வண்டி பெருமாற்றம் இல்லாமல் அசல் நிலையில் இருக்கவேண்டும். இசுசுவை ஏற்றினால் அந்த ஆசையை மறக்கவேண்டியதுதான். நானாக இருந்தால் 1.5-ஐயே சரிசெய்வேன்.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. காரில் ஏற்றும் முன் ஸ்டாண்டில் வைத்து ஓட்டிப் பார்க்கலாமா? (சேலம்)

தாராளமாக. ரேடியேட்டர் இணைத்து, புது ரப்பர் ஹோஸ் போட்டு இருபது நிமிஷம் ஓட்டுங்கள். பெட்ரோல் ஹோஸும் புதிதாக இருக்கட்டும், இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடும். ஆறியதும் டேப்பட் பார்த்து, அந்த எண்ணெயை மாற்றிவிடுங்கள். கார்புரேட்டரிலிருந்து ஹெட் ஃபேசிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சமப்படுத்துவது) வரை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. சம்ப்பைக் கழற்றினீர்களா? கடிதம் முழுக்கத் தேடினேன், அதைக் காணோம்.