புல் வெட்டுற பிரஷ் கட்டர் திணறுதா? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அண்ணா, பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு. பெட்ரோல்ல ஆயில் கலந்து ஓடுற டூ ஸ்ட்ரோக் மெஷின். சும்மா ரேஸ் பண்ணினா சத்தம் நல்லாத்தான் இருக்கு, புல்லுல வச்சதும் திணறுது. கார்பரேட்டரை மாத்தச் சொல்றாங்க, மாத்திடவா?

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. முதல்ல ஏர் பில்டர். ஸ்பாஞ்சுல தூசி அப்பியிருந்தா சோப்புத் தண்ணியில கசக்கி, நல்லா காயவச்சு மாட்டுங்க. அடுத்தது சைலன்சர். பல மாடல்ல அதோட வாயில சின்னக் கம்பி வலை இருக்கும், தீப்பொறி தெறிக்காம இருக்க. அதுல கரி அடைச்சா புகை வெளிய போகாது. புகை போகாம புதுக் காத்து எப்படி உள்ள வரும்? இன்ஜின் ஆறினதும் வலையைக் கழட்டி பித்தளை பிரஷ்ஷால தேய்ங்க. சைலன்சரைக் கழட்டினா, புகை வெளிய வர்ற சிலிண்டர் ஓட்டை ஓரத்துலயும் கரி தெரியும். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டு, ஸ்டார்ட் பண்ற கயிறை மெதுவா இழுத்து, பிஸ்டன் அந்த ஓட்டையை மூடி நிக்கிற மாதிரி வச்சு, மரக்குச்சியால சுரண்டுங்க. ஸ்க்ரூடிரைவரை விட்டுடாதீங்க, பிஸ்டன்ல கோடு விழுந்துடும். கார்பரேட்டர் ஸ்க்ரூவை மட்டும் இப்போதைக்குத் தொடவே வேணாம்.

கேள்வி: சார், கொஞ்ச நேரம் ஓடி அணைஞ்சு போகுது. ஆறவிட்டா திரும்ப ஸ்டார்ட் ஆகுது.

பதில்: அணையப் போற நேரத்துல மெஷினைக் கீழ வச்சு, டேங்க் மூடியை லேசாத் தளர்த்திப் பாருங்க. உடனே சுதாரிச்சா மூடியில இருக்கிற காத்து ஓட்டை அடைப்பு. இல்லைன்னா டேங்க்குள்ள கிடக்கிற பெட்ரோல் பில்டரைக் கம்பிக் கொக்கியால வெளிய இழுத்து மாத்துங்க. விலை கம்மிதான்.

கேள்வி: ஆயில் கூடப் போட்டா இன்ஜினுக்கு நல்லதாமே?

பதில்: யார் சொன்னது? மெஷின் புத்தகத்துல பெட்ரோலுக்கு ஆயில் 50:1ன்னா லிட்டருக்கு 20 மில்லி, 25:1ன்னா 40 மில்லி. கூடினா பிளக்கும் வலையும் கரி பிடிக்கும், குறைஞ்சா பிஸ்டன் ஜாம். உங்களது ஃபோர் ஸ்ட்ரோக்னா பெட்ரோல்ல ஆயில் கலக்கவே கூடாது. மாசக்கணக்கா டேங்க்ல கிடந்த பெட்ரோலையும் வெளிய எடுத்திடுங்க. இப்போ வர்ற பெட்ரோல்ல எத்தனால் இருக்கு, ஈரத்தை இழுக்கும்.

கேள்வி: இன்ஜின் சீறுது, ஆனா கத்தி மாட்டுற தலை சுத்த மாட்டேங்குது.

பதில்: இன்ஜின் வேகத்தைத் தலைக்குக் கடத்துற கிளட்ச் ஷூ தேய்ஞ்சிருக்கும். ஜோடியா மாத்துங்க.

கேள்வி: கத்திக்குப் பதிலா நைலான் கயிறு போட்டா மட்டும் இழுவை இல்ல. இடிக்குதுன்னு தலைக்கு மேல இருக்கிற கார்டை, அதாவது பாதுகாப்பு மறைப்பைக் கழட்டிட்டேன், அதனாலயா?

பதில்: அதேதான். நீளமான கயிறை அளவா நறுக்குற கத்தி அந்த கார்டுலதான் இருக்கு. அது இல்லாம கயிறு நீண்டு இன்ஜினுக்கு லோடு ஏறுது. முதல்ல கார்டை மாட்டுங்க, கல்லு தெறிச்சா முழங்கால் போயிடும்.