நீட்டிய இயர்போனை ஏன் வாங்கவில்லை?

கேள்வி: நாங்கள் அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸில் வசிக்கிறோம். எங்கள் பதினைந்து வயது மகன் ஆலிஸ் கூப்பர் என்ற பழைய ராக் குழுவின் பாடல்களையே கேட்கிறான். மேடையில் குழந்தைப் பொம்மையைக் கோடரியால் வெட்டிய குழு அது. ‘செத்த குழந்தைகள்’ என்று பொருள்படும் ‘டெட் பேபீஸ்’ என்ற பாட்டின் பெயரைப் பார்த்ததும் எனக்கு உடம்பே நடுங்கிவிட்டது. அன்றே அவனுடைய கிட்டாரை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஆலிஸ் கூப்பர் என்றே பெயர் கொண்ட அக்குழுவின் பாடகர் தொடங்கிய அறக்கட்டளை இங்கே நடத்தும் இளைஞர் மையத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறான், மறுத்துவிட்டேன். அவன் எதையும் மறைப்பவன் அல்ல. போன மாதம்கூட நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு இயர்போனை நீட்டி, “இந்த ஒரு பாட்டை மட்டும் கேளேம்மா” என்றான். அப்புறம் பார்க்கலாம் என்றேன். அவனை எப்படி மீட்பது?

– ஒரு தாய், ஃபீனிக்ஸ்

பதில்: மேடையையும் கோடரியையும் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், பாத்திரம் கழுவிய அந்த மாலையை இரண்டு வரியில் கடந்துவிட்டீர்கள். என்னால் அதைக் கடக்க முடியவில்லை. ‘அப்புறம்’ என்றீர்களே, அந்த அப்புறம் வந்ததா? கையைத் துடைத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனீர்களா? போயிருந்தால் எழுதியிருப்பீர்கள். அவன் எந்தப் பாட்டை நீட்டினான் என்பதுகூட உங்களுக்குத் தெரியாது.

நீங்கள் பெயரைப் பார்த்தே நடுங்கிய பாட்டு, 1971இல் ‘கில்லர்’ என்ற இசைத்தட்டில் வெளிவந்தது. பெட்டி என்ற சிறுமி அலமாரித் தட்டிலிருந்த ஆஸ்பிரின் மாத்திரைகளை அள்ளித் தின்றுவிடுகிறாள். காப்பாற்ற அம்மா அருகில் இல்லை, மகள் கூப்பிட்டது அவள் காதில் விழவும் இல்லை. பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்ட பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பாட்டு அது. பொம்மையே ஆனாலும் குழந்தையின் உருவத்தை வெட்டுவது எனக்கும் பிடிக்காது. ஆனால் அப்படி வெட்டியவனை அதே மேடையில் தூக்குமரத்தில் ஏற்றித் தண்டிப்பதாகத்தான் அந்தக் காட்சி முடிந்தது என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அதே பாடகர் தனியாகப் பாடத் தொடங்கிய 1975இல் வந்த, ‘பெண்களுக்கு மட்டுமே ரத்தம் வடிகிறது’ என்று பொருள்படும் ‘ஒன்லி விமன் பிளீட்’ பாட்டையும் பெயரைக் கொண்டு தவறாகப் புரிந்துகொண்டவர்கள் உண்டு. அது கணவனிடம் வதைபடும் ஒரு பெண்ணின் வேதனையைச் சொல்வது.

தடை செய்தவர்கள் கண்ட பலனையும் கேளுங்கள். 1972இல் ‘ஸ்கூல்ஸ் அவுட்’ வெளிவந்தபோது, மேரி வைட்ஹவுஸ் என்ற பிரிட்டிஷ் பெண்மணி அதை ஒலிபரப்பக் கூடாது என்று பிபிசியிடம் போராடினார். அந்த ஆகஸ்டில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது அந்தப் பாட்டுதான். கூப்பர் அந்த அம்மையாருக்கு நன்றி சொல்லிப் பூங்கொத்து அனுப்பினார்.

பூட்டுவதையே வளர்ப்பு என்று நம் வீடுகளில் நெடுங்காலமாக நினைத்து வருகிறோம். நான் அதை ஏற்பதில்லை. பதினைந்து வயதுப் பையன் தன் மனத்துக்குப் பிடித்ததை அம்மாவின் காதுவரை கொண்டுவருவது எத்தனை வீடுகளில் நடக்கிறது? கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கடிதங்கள் வருகின்றன. உங்கள் பிள்ளை கதவைத் திறந்து வைத்தான். நீங்கள் பூட்டைத் தேடிப் போனீர்கள். இந்தக் குழுவின் ‘ஐ’ம் எய்ட்டீன்’, சிறுவனாகவும் ஆணாகவும் ஒரே நேரத்தில் இருந்து தவிக்கும் பிள்ளையின் பாட்டு. அவனுக்கு அது ஏன் பிடிக்கிறது என்று ஒரு முறையாவது கேட்டீர்களா? உங்கள் கணவரைப் பற்றியோ கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. சம்பாதித்துப் போடுவதோடு தகப்பனின் கடமை தீர்ந்துவிடாது என்று அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

2012இல் உங்கள் ஊரில் திறக்கப்பட்ட அந்த மையம், பன்னிரண்டு முதல் இருபது வயது வரையுள்ளவர்களுக்கு இலவசமாக இசை கற்றுத் தருகிறது. அதைத் தொடங்கியவர் மத போதகரின் மகன். குடியில் அழிந்துகொண்டிருந்து, அதை விட்டு மீண்டவர். பெற்றோர் இருவரும் நேரில் போய், கற்றுத் தருபவர்களிடம் பேசிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அதற்கு முன் இன்றிரவே கிட்டாரை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போங்கள். அன்று கேட்காமல் விட்டதற்கு மன்னிப்புக் கேளுங்கள். பெற்ற பிள்ளையிடம் அதைக் கேட்பதில் அவமானம் எதுவும் இல்லை. எந்தப் பாட்டை நீட்டினான் என்று கேட்டு, அதை முழுவதும் கேளுங்கள். ‘டெட் பேபீஸ்’ என்று சொன்னால், அது ஆறு நிமிடம்கூட ஓடாது. பாத்திரங்கள் காத்திருக்கட்டும்.