5,000 பேக்லிங்க் 15,000 ரூபாய்க்குக் கிடைத்தால் வாங்கலாமா?

கேள்வி: திருவிடைமருதூரில் வசிக்கிறேன். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, பித்தளைக் காபி ஃபில்டர், டவரா டம்ளர் ஆகியவற்றை விற்பதற்காக ஓர் ஆன்லைன் கடை தொடங்கியிருக்கிறேன். இதுவரை வந்த ஆர்டர்களில் பெரும்பாலானவை சொந்தக்காரர்கள் கொடுத்தவை. ஓர் ஏஜென்சி 15,000 ரூபாய்க்கு 5,000 பேக்லிங்குகள் போட்டுத் தருவதாகவும், சரக்கையும் தங்கள் கேட்டலாக்கிலிருந்து நேரடியாக வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுவதாகவும், நான் ஸ்டாக் வைக்கவே தேவையில்லை என்றும் சொல்கிறது. 4,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறேன். முதல் தவணையாக அவர்கள் தந்த இணைப்புப் பட்டியலை உங்களுக்கு அனுப்பியுள்ளேன். தொடரலாமா?

பதில்: தொடர வேண்டாம். மீதி 11,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். கொடுத்த 4,000 ரூபாயைத் திரும்பக் கேளுங்கள், ஆனால் அது வரும் என்று நம்பி எந்தச் செலவையும் திட்டமிடாதீர்கள்.

வேறொரு தளம் தன் பக்கத்திலிருந்து உங்கள் தளத்துக்குக் கொடுக்கும் இணைப்புதான் பேக்லிங்க். ஒரு பக்கத்தை எத்தனை பேர் சுட்டுகிறார்கள், சுட்டுகிறவர்களுக்கே எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதை வைத்து அந்தப் பக்கத்தின் தகுதியைக் கணிக்கலாம் என்ற எண்ணத்தின் மீதுதான் லாரி பேஜும் செர்கே பிரினும் 1998-இல் கூகுளைத் தொடங்கினார்கள். இணைப்புக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்த மறுநாளே அதைப் பொய்யாக உற்பத்தி செய்கிற தொழிலும் தொடங்கிவிட்டது. 2012 ஏப்ரலில் தன் தேடல் முறையில் செய்த பென்குயின் என்ற மாற்றத்தின் மூலம் கூகுள் அப்படிப்பட்ட தளங்களைத் தேடல் முடிவுகளில் கீழே தள்ளியது. 2016 முதல் அந்தச் சோதனை இடைவிடாமல் நடக்கிறது. இப்போதெல்லாம் விலைக்கு வாங்கிய இணைப்பு என்று கண்டுபிடித்தால் பெரும்பாலும் தண்டிப்பதுகூட இல்லை, கணக்கிலேயே சேர்த்துக்கொள்வதில்லை. வரன் விசாரிக்கும்போது தரகர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, பக்கத்து வீட்டில் போய்த் தனியாக விசாரிக்கிறோமே, கூகுளும் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறது.

நீங்கள் அனுப்பிய பட்டியலை வரிசையாகத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் கைவிடப்பட்ட வலைப்பூக்களின் பின்னூட்டப் பகுதிகள். நாய் உணவைப் பற்றிய பதிவின் கீழும், வாகனக் கடனைப் பற்றிய பதிவின் கீழும் ஓர் எழுத்துகூட மாறாமல் ‘மிகவும் பயனுள்ள தகவல், பித்தளை விளக்கு வாங்க இங்கே சொடுக்கவும்’ என்று இருக்கிறது. ஒரு முகவரி முன்பு ஏதோ ஒரு பள்ளியின் தளமாக இருந்து காலாவதியான பின் யாரோ வாங்கிச் சூதாட்ட விளம்பரம் ஓட்டிக்கொண்டிருக்கும் தளம். நாச்சியார்கோவில் எங்கே இருக்கிறது என்று அறிந்த ஒருவரும் இந்தப் பக்கங்களுக்கு வரப்போவதில்லை. பட்டியலின் ஓரத்தில் ‘டிஏ 50-க்கு மேல்’ என்று பெருமையாக எழுதியிருக்கிறார்கள். டொமைன் அத்தாரிட்டி என்ற அந்த எண், ஒரு தளம் தேடலில் எவ்வளவு மேலே வரக்கூடும் என்று மோஸ் என்ற தனியார் நிறுவனம் தன் கணிப்பில் தருவது. கூகுள் அதைப் பார்ப்பதே இல்லை. இந்த ஓர் எண்ணைக் காட்டியே எத்தனை சிறு வியாபாரிகளிடம் பணம் பறித்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. இதைப் பற்றிப் புகார் சொல்லக் கூகுளில் தொலைபேசியை எடுத்துப் பேச ஆள் கிடையாது; படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஏற்கெனவே போட்ட இணைப்புகளால் ஆபத்து வருமோ என்று நீங்கள் பயப்பட வேண்டாம். தளச் சொந்தக்காரர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில், ‘மேனுவல் ஆக்ஷன்ஸ்’ என்ற தண்டனை அறிவிப்புப் பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே எந்த அறிவிப்பும் இல்லையென்றால் அப்படியே விட்டுவிடுங்கள். ‘இவற்றை நீக்கித் தருகிறோம், அதற்குத் தனிக் கட்டணம்’ என்று அதே ஏஜென்சி அடுத்த மாதம் வந்து நிற்கும். அதற்கும் மசியாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது சரக்கு விஷயம். இணைப்பு விற்பவரே சரக்கும் விற்கிறார் என்றால், அதே புகைப்படங்களும் அதே வருணனையும் உங்களைப் போன்ற பல கடைகளில் தொங்கிக்கொண்டிருக்கும் என்பதில் சந்தேகமில்லை. எல்லாக் கடையிலும் இருக்கும் பக்கத்தை எவரும் இணைத்துக் காட்டப்போவதில்லை; எனவே உங்கள் இணைப்புப் பஞ்சத்துக்கு ஒரு காரணம் அந்தக் கேட்டலாக்கிலேயே இருக்கிறது. சரக்கு பழுதாக வந்தால் பொறுப்பும் உங்களுடையதே. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள விற்பனையாளர் மறுக்க முடியாது. பொருள் எந்தக் கிடங்கிலிருந்து போனது என்பது வாங்கியவருக்கு அவசியமில்லாத செய்தி.

கேட்டலாக்கில் ‘நாச்சியார்கோவில் விளக்கு’ என்று போட்டிருப்பதை வைத்து அது நாச்சியார்கோவிலில் வார்த்தது என்று முடிவு செய்யாதீர்கள். பித்தளைத் தொழிலுக்குப் பேர்போன மொராதாபாத்திலிருந்து வந்த விளக்காகவும் அது இருக்கலாம். மொராதாபாத் விளக்கில் குறையொன்றுமில்லை, அதை அதன் பெயரிலேயே விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் நாச்சியார்கோவில் குத்துவிளக்கு புவிசார் குறியீடு பெற்ற பொருள். அந்தப் பெயரைப் பொய்யாகச் சூட்டி விற்றால் 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அங்கேயே வார்த்த விளக்கை முறையாக வாங்கி, அப்படியே மறுவிற்பனை செய்தால் இந்தப் பயம் தேவையில்லை. பில்லை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் சாலையில் போனால் நாச்சியார்கோவில் உங்களுக்கு எட்டும் தொலைவுதான். தரகர் எவரையும் உடன் அழைத்துச் செல்லாமல் பட்டறைக்கே போங்கள். விளக்கை மரை கழற்றி அடி, தண்டு, தட்டு, மேலே உள்ள அன்னம் என்று தனித்தனியாகக் கையில் வாங்கிப் பாருங்கள். வார்ப்பு விளக்கானால் அடியின் உட்புறம் மணல் அச்சின் சொரசொரப்போடு இருக்கும், வெளிப்புறத்தில் கடைசல் பிடித்த மெல்லிய கோடுகள் சுற்றி ஓடும். உள்ளும் புறமும் ஒரே வழவழப்பாக இருந்தால் கேள்வி கேளுங்கள். சிறு காந்தம் ஒன்றைத் தண்டில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது. எடையை உங்கள் கண் முன்னால் தராசில் வைக்கச் சொல்லி, கிலோ விலையையும் கூலியையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஒப்பிட்டுப் பார்க்கத் தமிழக அரசின் பூம்புகார் நிறுவன விலை ஒரு நல்ல அளவுகோல். ஜிஎஸ்டி விஷயத்தில், பிற மாநிலங்களுக்கு விற்கும் கைவினைப் பொருள்களுக்கு ஒரு வரம்பு வரை பதிவு விலக்கு உண்டு என்றாலும், அதன் நிபந்தனைகளைப் படித்து முடிப்பதற்குள் ஒரு கார்த்திகை போய் மறு கார்த்திகை வந்துவிடும். ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.

அந்தப் பட்டறையில்தான் உங்கள் பேக்லிங்குகளும் இருக்கின்றன. கைவினைஞரின் சம்மதத்தோடு வார்ப்பு, கடைசல், மெருகு என்று ஒவ்வொரு நிலையையும் நீங்களே படம் பிடித்து, எந்த உயர விளக்குக்கு எவ்வளவு எடை, எவ்வளவு எண்ணெய் பிடிக்கும், புளி போட்டுத் துலக்கும் முறை என்ன என்று ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள். கார்த்திகை தீபம் நெருங்கும்போது விளக்கைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. புரட்டாசியிலேயே செய்தியாளர்களுக்கு உங்கள் படங்களை அனுப்பிவிடுங்கள். மேடைக்கு ஐந்தடி விளக்கு தேடும் வெளிநாட்டுப் பரதநாட்டியப் பள்ளிகளுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் தளங்கள் இருக்கின்றன. ஒரு விளக்கு விற்றபின் நாகரிகமாகக் கேட்டால் இணைப்புத் தருவார்கள். உங்கள் படத்தை எவராவது எடுத்துப் போட்டிருந்தால் சண்டை போடாதீர்கள், படத்தின் கீழ் உங்கள் தளத்தின் இணைப்பைக் கேளுங்கள். இப்படி ஓர் ஆண்டில் பதினைந்து இணைப்பு வந்தாலே நான் திருப்தி அடைவேன்.

காசு கொடுத்து இணைப்பே வாங்கக் கூடாதா என்றால், ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2028-இல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. அதையொட்டித் தங்கும் விடுதிகளும் பயணத் தளங்களும் ‘கும்பகோணத்தில் என்ன வாங்கலாம்’ என்று பக்கங்கள் போடும். அவற்றில் நீங்கள் கட்டணம் கட்டி விளம்பரம் கொடுக்கலாம். அந்த இணைப்பில் ‘ஸ்பான்சர்ட்’ என்ற குறிப்பு இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. படிப்பவர் கண்ணுக்குத் தெரியும் ‘விளம்பரம்’ என்ற சொல் போதாது, பக்கத்தின் நிரலுக்குள்ளேயே அந்தக் குறிப்பு இருக்க வேண்டும். 2019-இல் கூகுள் இதை அறிமுகப்படுத்தியது. இந்த இணைப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும், அதற்கு முன்பிருந்த ‘நோஃபாலோ’ குறிப்பும் செல்லும். இந்த இணைப்பு உங்களைத் தேடலில் மேலே ஏற்றாது, ஆனால் மகாமகத்துக்கு வரும் மனிதர்களை நேராகக் கடைக்குக் கொண்டுவரும். விளம்பரத்தை வெளியிடுபவர் குறிப்புப் போட மறுத்தாலோ, ‘போட்டால் பலன் போய்விடும்’ என்று காதைக் கடித்தாலோ பணம் கொடுக்காதீர்கள். விடுதிக்காரருக்கு இது தெரியாமலிருக்கலாம், அவருடைய தளத்தைப் பராமரிப்பவரிடம் எழுத்தில் கேட்டு, போட்ட பிறகு நீங்களே பக்க நிரலைத் திறந்து சரிபார்த்துவிடுங்கள்.

இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் டொமைன், அதாவது தளத்தின் முகவரி, யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். தளத்தையும் அந்த ஏஜென்சிதான் அமைத்துக் கொடுத்தது என்றால், பதிவு அவர்கள் பெயரில் இருக்கவே வாய்ப்பு அதிகம். ‘வேண்டாம்’ என்று அவர்களிடம் சொல்வதற்கு முன்பாகவே பதிவை உங்கள் மின்னஞ்சலுக்கும் கைபேசி எண்ணுக்கும் மாற்றச் சொல்லி, மாறியதை உறுதி செய்துகொண்டு, தளத்தின் கடவுச்சொற்களையும் பேமெண்ட் கேட்வே கணக்கில் உள்ள வங்கி விவரங்களையும் சரிபார்த்த பிறகு முன்பணத்தைப் பற்றிய பேச்சை எடுங்கள்.