கறுப்புத் திரையில் ஓடும் எழுத்து: ஐஆர்சி பழகும் மாணவருக்கும் கவலைப்படும் பெற்றோருக்கும்

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, படமோ பட்டனோ இல்லாத கறுப்புத் திரையில் வரிவரியாக எழுத்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வீட்டில் இரண்டு சந்தேகம் எழும். ஹேக்கிங்கில் இறங்கிவிட்டானா? முகம் தெரியாதவர்களோடு அரட்டை அடித்துப் பொழுதைக் கழிக்கிறானா? முதல் சந்தேகத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை. இரண்டாவது பாதி சரி. எதிரில் இருப்பவர்கள் முகம் தெரியாதவர்கள்தான். ஆனால் அவர்களில் பலர், பிள்ளை நாளைக்கு வேலை தேடப்போகும் துறையில் இப்போதே வேலை செய்துகொண்டிருப்பவர்கள்.

அந்தத் திரையில் ஓடுவது ஐஆர்சி, அதாவது இன்டர்நெட் ரிலே சாட். 1988-ல் ஃபின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்காரினென் எழுதிய குழு உரையாடல் முறை. வாட்ஸ்அப் குரூப் போலத்தான், ஆனால் போன் நம்பர் தேவையில்லை. சேனல் (ஒரு தலைப்புக்கான அரட்டை அறை) பெரும்பாலும் பொது; யாரும் உள்ளே வரலாம். பல சேனல்களில் பேசுவதெல்லாம் பதிவாகி இணையத்தில் நிரந்தரமாக நிற்கும். டெபியன் என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோ போன்ற ஓப்பன் சோர்ஸ் (கோடை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய) புராஜெக்ட்டுகள் இன்றைக்கும் இதில்தான் கூட்டம் நடத்துகின்றன.

பெற்றோர் திரையை எட்டிப் பார்ப்பதைவிட மூன்று கேள்வி கேட்கலாம். எந்த சேனல்? அது எந்த புராஜெக்ட்டுடையது? இந்த மாதம் நீ கேட்ட கேள்விக்கு என்ன பதில் வந்தது? மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் கவலை வேண்டாம். நேரம் கெட்ட நேரத்தில் உட்காருவதற்கும் காரணம் இருக்கலாம். கூட்டங்களின் நேரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் அறிவிப்பார்கள், அது நம் ஊர் கடிகாரத்தில் எங்கேயோ போய் விழும். வாரத்தில் ஒருநாள் என்றால் விட்டுவிடலாம். தினமும் என்றால் அது கூட்டம் அல்ல.

இனி மாணவருக்கு.

முதலில், உங்கள் புராஜெக்ட் இன்னும் ஐஆர்சியில் இருக்கிறதா என்று பாருங்கள். மொசில்லா 2020 மார்ச்சில் தன் ஐஆர்சி சர்வரை மூடிவிட்டு மேட்ரிக்ஸ் என்ற வேறு உரையாடல் முறைக்குப் போனது. 2021 மே மாதம் ஃப்ரீநோட் என்ற ஐஆர்சி நெட்வொர்க்கை (ஒன்றோடொன்று இணைந்த சர்வர்களின் தொகுப்பை) நடத்திய தன்னார்வலர்கள் கூண்டோடு விலகி லிபேரா சாட்டைத் தொடங்கினார்கள். பெரிய சேனல்களில் பலவும் அங்கே குடிபெயர்ந்தன. பழைய டுடோரியல்கள் இன்னமும் ஃப்ரீநோட்டுக்கே வழி காட்டும். அங்கே போய் ஆளில்லாத சேனலில் கேள்வி கேட்டுக் காத்திருந்தவர்கள் உண்டு. டெபியன் சேனல்கள் ஓஎஃப்டிசி என்ற வேறு நெட்வொர்க்கில் இருக்கின்றன. ஒரு நெட்வொர்க்கில் பதிந்த பெயர் இன்னொன்றில் செல்லாது.

ஐஆர்சியில் நுழைய உங்கள் கணினியில் ஓடும் நிரல்தான் கிளையண்ட். அதற்கு இர்சி போதும். 1999-லிருந்து இருக்கிறது, லினக்ஸ் டிஸ்ட்ரோக்களில் பேக்கேஜாகவே கிடைக்கும். வீசாட் என்ற கிளையண்டும் நல்லதுதான், பக்கத்தில் ஆட்கள் பட்டியல் தெரிவது சிலருக்கு வசதி. எது நல்லது என்று ஒரு வாரம் ஆராய்வது வீண். கீழே வரும் கட்டளைகள் தமிழ் எழுத்தில் இருந்தாலும், நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

இர்சியைத் திறந்ததும் '/கனெக்ட்', அதன் பின்னால் '-டிஎல்எஸ்' (இணைப்பைப் பூட்டும் குறியாக்கம்), சர்வர் முகவரி, போர்ட் 6697. பழைய 6667 போர்ட்டில் எல்லாம் பூட்டில்லாமல் போகும், பாஸ்வேர்டு உட்பட. கல்லூரி வைஃபையில் 6697 அடைபட்டிருந்தால் லிபேராவில் 7000, 7070 ஆகியவற்றையும் டிஎல்எஸ்ஸோடு முயலலாம். சான்றிதழ் செல்லாது என்று எரர் வந்தால் முதலில் கணினியின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். கடிகாரம் பிசகியிருந்தாலும் இதே எரர்தான் வரும்.

அடுத்தது பெயர். '/நிக்' கொடுத்து, கோடைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வைத்திருக்கும் அதே பெயரை வையுங்கள். லிபேராவில் 16 எழுத்துக்கு மேல் ஏற்காது. விளையாட்டுத்தனமான பெயர் வைத்தால், ஆறு மாதம் கழித்து நீங்கள் அனுப்பும் பேட்ச்சையும் (கோடில் செய்த திருத்தத்தையும்) அந்தப் பெயரையும் யாரும் சேர்த்துப் பார்க்க மாட்டார்கள். பெயர்களைக் காக்கும் நிக்சர்வ் என்ற சேவையில் பெயரைப் பதிய வேண்டும்: மெசேஜ் என்பதன் சுருக்கமான '/எம்எஸ்ஜி', நிக்சர்வ், ரெஜிஸ்டர், பாஸ்வேர்டு, மின்னஞ்சல் என்ற வரிசை. மின்னஞ்சலுக்கு வரும் வரியை அப்படியே திரும்பத் தட்டினால்தான் பதிவு முடியும். பதியாமல் போனால் சில சேனல்கள் உள்ளேயே விடாது. சேனலில் 'ப்ளஸ் ஆர்' மோடு இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பும்.

புதியவர்கள் மானம் போவது இந்த இடத்தில்தான். சாய்கோட்டுக்கு முன்னால் ஒரே ஒரு ஸ்பேஸ் விழுந்துவிட்டால் இர்சிக்கு அது கட்டளை அல்ல, பேச்சு. பாஸ்வேர்டோடு முழு வரியும் சேனலில் இருக்கும் அத்தனை பேருக்கும் போய்விடும். அழிக்க வழியில்லை. நடந்துவிட்டால் மன்னிப்புக் கேட்டு நேரத்தை வீணாக்காமல், நிக்சர்விடம் 'செட் பாஸ்வேர்டு' கொடுத்து உடனே மாற்றுங்கள். நடக்காமலிருக்க இரண்டு காரியம்: பாஸ்வேர்டு தட்டும் கட்டளைகளை எப்போதும் ஸ்டேட்டஸ் விண்டோவில், அதாவது முதல் விண்டோவில் மட்டும் கொடுப்பது, பதிவு முடிந்ததும் எஸ்ஏஎஸ்எல் (இணையும்போதே தானாக உள்நுழையும் முறை) அமைத்து, இனிமேல் பாஸ்வேர்டைக் கையால் தட்டவே தேவையில்லாமல் செய்வது. '/நெட்வொர்க் ஆட்' கட்டளையில் எஸ்ஏஎஸ்எல் பயனர்பெயர், பாஸ்வேர்டு, 'ப்ளெயின்' என்ற முறை மூன்றையும் சேர்த்து, கடைசியில் '/சேவ்'. அது இல்லாமல் இர்சி திடீரென நின்றுபோனால் அமைத்தது போய்விடலாம். ஓர் எச்சரிக்கை: அந்தப் பாஸ்வேர்டு இர்சியின் கான்ஃபிக் ஃபைலில் வெறும் எழுத்தாகவே கிடக்கும். டாட்ஃபைல்ஸ் (புள்ளியில் தொடங்கும் அமைப்பு ஃபைல்கள்) என்று மொத்தமாக கிட்ஹப்பில் ஏற்றும்போது அதுவும் சேர்ந்து போய்விடும்.

திரையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கீழே ஒரு பட்டையில் 'ஆக்ட்' என்று போட்டு 2, 5 என்று எண்கள் தெரிந்தால், அந்த விண்டோக்களில் பேச்சு நடந்திருக்கிறது. ஆல்ட்டோடு எண்ணை அழுத்தினால் அங்கே போகலாம். சில டெர்மினல்கள் அந்த ஆல்ட்டைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். அப்போது எஸ்கேப்பைத் தட்டிவிட்டு எண்ணைத் தட்டுங்கள். பழைய வரிகளுக்குப் பேஜ் அப். மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பேச்சு நகராது, நீங்கள் முன்பு தட்டியது திரும்ப வந்து நிற்கும். அதைப் பார்க்காமல் என்டர் அடிப்பவர்களும் உண்டு. யார் வந்தார், யார் போனார் என்ற இரைச்சலே பாதித் திரையை அடைக்கும். '/இக்னோர்' கொடுத்து, நட்சத்திரக்குறி போட்டு, ஜாயின்ஸ், பார்ட்ஸ், க்விட்ஸ் என்று சேர்த்தால் நிம்மதி.

இணைப்பு அறுந்தால் 'பிங் டைம்அவுட்' என்று வெளியே தள்ளப்படுவீர்கள். திரும்பி வந்தால் உங்கள் பெயரின் பின்னால் ஓர் அடிக்கோடு ஒட்டியிருக்கும். பழைய நீங்கள் இன்னும் சர்வரின் கணக்கில் உட்கார்ந்திருப்பதால். லிபேராவில் நிக்சர்விடம் 'ரீகெய்ன்' கொடுத்தால் பெயர் திரும்பும். நீங்கள் இல்லாதபோது பேசியது உங்களுக்குக் கிடைக்காது. எப்போதும் ஓடும் ஒரு சர்வர் கணக்கு இருந்தால், அதில் எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் வழி) மூலம் நுழைந்து, நாம் கிளம்பினாலும் உள்ளே ஓடுவதை நிறுத்தாத டிமக்ஸ் என்ற நிரலுக்குள் இர்சியை ஓட விடுங்கள். கன்ட்ரோல்-பி அழுத்தி டி தட்டினால் நீங்கள் கிளம்பலாம், அது ஓடிக்கொண்டே இருக்கும். மடிக்கணினியிலேயே டிமக்ஸ் வைத்து மூடியைச் சாத்திவிட்டு, பதில் வரவில்லை என்று சொல்வதில் பொருளில்லை. அந்த வசதி இல்லாதவர்களுக்குப் பல சேனல்களின் பொதுப் பதிவு இணையத்தில் கிடைக்கும்.

கேள்வி கேட்பதுதான் உண்மையான பாடம். 'யாராவது இருக்கிறீர்களா, பைத்தானில் ஒரு டவுட் கேட்கலாமா?' என்பதற்குப் பதில் வராது. அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள் (பிப் பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி, வென்வ் ஒரு புராஜெக்ட்டுக்கான தனிச் சூழல்): 'உபுண்டு 24.04, பைத்தான் 3.12. பிப் இன்ஸ்டால் கொடுத்தால் எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட் என்று எரர். வென்வ் உருவாக்கிய பிறகும் அதே எரர். கொடுத்த கட்டளைகளும் முழு எரரும் இந்த இணைப்பில்.' இதற்கு வரக்கூடிய பதில் ஒரே வரி: வென்வை உருவாக்கினீர்கள், ஆக்டிவேட் செய்யவில்லை, இன்னும் சிஸ்டத்தின் பிப்தான் ஓடுகிறது. வெர்ஷன், செய்தது, நடந்தது, ஆதாரம் நான்கும் இருந்ததால்தான் ஒரு வரியில் தீர்ந்தது. வேலைக்குப் போனபின் டிக்கெட் எழுதும்போதும் இதே நான்கைத்தான் கேட்பார்கள்.

புரோகிராம் வரிகளைச் சேனலில் ஒட்டாதீர்கள். பல வரிகளை ஒட்டினால் இர்சியே தடுத்து, அனுப்ப வேண்டுமென்றால் கன்ட்ரோல்-கே, வேண்டாமென்றால் கன்ட்ரோல்-சி என்று கேட்கும். அது கேட்கும்போது பதில் எப்போதும் கன்ட்ரோல்-சி. பேஸ்ட்பின் வகைத் தளத்தில் ஒட்டி இணைப்பை மட்டும் கொடுங்கள். ஒரு செய்தியின் முழு நீளமே 512 பைட். தமிழில் பேசும் குழுவென்றால் இன்னும் சீக்கிரம் முட்டும்: ஆங்கில எழுத்து ஒரு பைட், 'க' மூன்று, 'கி' ஆறு.

கேட்டுவிட்டு அங்கேயே இருங்கள். பதில் சொல்பவர் உலகின் மறுபக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கலாம். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வெளியேறுபவருக்கு ஆறாவது நிமிடம் வந்த பதில் யாருக்கும் பயன்படாமல் போவது அன்றாடக் காட்சி. பதில் சில சமயம் வெடுக்கென்று இருக்கும். அது பெரும்பாலும் எழுத்தின் சுருக்கம்தான், கோபம் அல்ல.

பாதுகாப்புக்கு மூன்று விதி. தனிச்செய்தியில் வந்து உதவுகிறேன் என்பவரைப் பொதுச் சேனலுக்கே அழையுங்கள். வர மறுத்தால் '/இக்னோர்'. யாரோ கொடுத்த கட்டளையைப் புரியாமல் ஓட்டாதீர்கள், அதிலும் சூடோவோடு (நிர்வாகி அதிகாரம் தரும் சொல்) தொடங்கினால். டிசிசி (இருவருக்கிடையே நேரடிப் பரிமாற்றம்) மூலம் வரும் ஃபைலை ஏற்காதீர்கள். உங்கள் ஐபி முகவரி மற்றவர்களுக்குத் தெரியக்கூடும் என்பதும் நினைவிருக்கட்டும். அதை மறைக்கும் க்ளோக் வசதி இருக்கிறதா என்று நெட்வொர்க்கின் உதவிப் பக்கத்தில் பாருங்கள்.

வேலைக்கு இது எப்படி உதவும்? 'ஐஆர்சி தெரியும்' என்று ரெஸ்யூமேயில் எழுதுவதால் ஒரு பயனும் இல்லை, எழுதாதீர்கள். எழுத வேண்டியது அங்கே பேசியதால் விளைந்தவை: ஏற்கப்பட்ட பேட்ச்சின் இணைப்பு, நீங்கள் பதிந்த பக் (நிரலில் உள்ள பிழை), திருத்திய ஆவணப் பக்கம். 2005 முதல் நடக்கும், மென்டரின் (வழிகாட்டியின்) துணையோடு ஓப்பன் சோர்ஸ் வேலை செய்யும் திட்டமான கூகுள் சம்மர் ஆஃப் கோடில் சேர நினைப்பவர்களுக்கு இது இன்னும் நேரடியாகப் பொருந்தும். 18 வயது ஆகியிருக்க வேண்டும். 2022-லிருந்து மாணவர் அல்லாத புதியவர்களும் சேரலாம் என்பதால் போட்டி கூடியிருக்கிறது. விண்ணப்ப நாள் வந்தபின் சேனலுக்குள் ஓடிவந்து 'எனக்கு ஒரு புராஜெக்ட் கொடுங்கள்' என்று கேட்பவரை மென்டருக்குத் தெரியாது. மூன்று மாதம் முன்பே வந்து, இரண்டு சின்ன பக் சரிசெய்து, கூட்டத்தில் ஒரு வேலையை ஏற்று முடித்தவரின் பெயர் தெரியும்.

முதல் இரண்டு வாரம் வெறுமனே படியுங்கள். பிறகு ஒரு கேள்வி. பிறகு உங்களுக்குத் தெரிந்த ஒன்றுக்குப் பதில். தேர்வு மாதத்தில் ஒரே ஒரு சேனல் போதும். ஆறு மாதமாகியும் ஒரு பக் ரிப்போர்ட்டுக்கான இணைப்புகூடக் கையில் இல்லையென்றால், சேனலை விட்டு வெளியேறும் கட்டளை '/பார்ட்'.