‘அப்பா’ன்னு கூப்பிட்டா ‘அம்மா’ன்னு காதுல விழுது: ஸ்பீச் தெரபிஸ்ட் பதில்கள்

கேள்வி: ஸ்கூல் முடிச்சிட்டு ஸ்பீச் தெரபி படிக்கலாம்னு இருக்கேன். ஆஸ்பத்திரில குழந்தைங்களுக்குப் பேச சொல்லித்தர்றது மட்டும்தான் வேலையா?

பதில்: பேச்சே இல்லாத இடத்துலதான்ப்பா என் நாள் ஆரம்பிக்குது. காலைல முதல்ல என்ஐசியு, அதாவது பச்சைக் குழந்தைங்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. குறைமாசத்துல பொறந்த குழந்தைக்கு உறிஞ்சறது, முழுங்கறது, மூச்சு விடறது மூணும் ஒரே தாளத்துல சேரணும், அது கர்ப்பக் கணக்குல சுமார் 32லேருந்து 34 வாரம் வாக்குலதான் சேர ஆரம்பிக்கும், அதுக்குள்ள அவசரப்பட்டு வாயில பால் கொடுத்தா குழந்தை மூச்சை நிறுத்திடலாம், இல்ல பால் மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கிடலாம். சில குழந்தைங்களுக்கு அப்படி இறங்கினாலும் இருமல் வராது, அதுதான் பயம். அதனால பால் குடிக்கும்போது நான் வாயை மட்டும் பார்க்க மாட்டேன், மூக்கு விரியுதா, உதட்டைச் சுத்தி நிறம் மாறுதா, மானிட்டர்ல ஆக்ஸிஜன் நம்பர் இறங்குதான்னு பார்த்துட்டே இருப்பேன். முதல் தடவை அஞ்சு மில்லி குடிச்சு முடிச்சாலே அந்த அம்மா முகத்தைப் பார்க்கணுமே!

அப்புறம் வார்டு. தலையில அடிபட்டு வார்த்தை கிடைக்காம தவிக்கற பிள்ளைங்க, மூச்சு விடறதுக்காக கழுத்துல ஓட்டை போட்டு டியூப் வச்ச பிள்ளைங்க. டியூப் குரல்வளைக்குக் கீழ இருக்கறதால காத்து மேல வராது, அழுதாக்கூட சத்தம் கேக்காது. டாக்டர் சரின்னு சொன்னா டியூப்போட வெளி முனையில ஒரு வால்வு மாட்டுவோம், மூச்சு உள்ள போகும்போது திறக்கும், வெளிய வரும்போது மூடிக்கும், காத்து குரல் நாண் வழியா மேல வந்துதான் ஆகணும். மாசக்கணக்கா சத்தமே இல்லாம அழுத குழந்தை முதல் தடவை சத்தமா அழும்போது பக்கத்துல நின்னிருக்கேன். வார்டே திரும்பிப் பார்க்கும்.

மதியம் ஓபி. அண்ணப் பிளவோட, அதாவது வாயோட மேல்கூரை பிளந்து பொறந்த குழந்தைங்க நிறைய வருவாங்க. ‘ப’ சொல்ல வாய்க்குள்ள காத்து அடைபட்டு நிக்கணும், மேலண்ணம் மூடாம இருந்தா காத்து மூக்கு வழியா ஓடிடும், ‘ப’ போய் ‘ம’ ஆயிடும். ஒருத்தர் ரொம்ப வருத்தமா சொன்னார், “மேடம், என்னையும் அம்மான்னுதான் கூப்பிடறா”ன்னு. அவ அப்பான்னுதான் சார் கூப்பிடறா, காத்து தப்பான வழியில போகுதுன்னு சொன்னதும் மனுஷன் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். மேலண்ண ஆபரேஷன் பொதுவா 9லேருந்து 18 மாசத்துக்குள்ள பண்ணுவாங்க, ஆனா வழி அடைச்சாலும் பழகின பழக்கம் போகாது, சில பிள்ளைங்க தொண்டையை வெட்டி வெட்டி சத்தம் எழுப்பக் கத்துக்கிட்டிருக்கும், அதை மாத்தத்தான் தெரபி. பலூன் ஊதச் சொல்றது, விசில் ஊதச் சொல்றது இதெல்லாம் பேச்சைத் திருத்தாது, பேச்சைப் பேசித்தான் பழகணும்.

படிங்க. பொறுமை இருந்தா கண்டிப்பா படிங்க.

கேள்வி: என் பையனுக்கு ரெண்டரை வயசு, பத்து வார்த்தைகூட வரல. “அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான், விடு”ன்னு மாமியார் சொல்றாங்க. காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம்மா. உங்க மாமியார் சொல்றது பொய் இல்ல, லேட்டா ஆரம்பிச்சு மத்த பிள்ளைங்களோட சேர்ந்துடற குழந்தைங்க இருக்காங்கதான், ஆனா எந்தக் குழந்தை சேரும் எது சேராதுன்னு இப்பவே யாராலயும் அடிச்சு சொல்ல முடியாது. 2 வயசுல சுமார் 50 வார்த்தையும், “பந்து தா”, “அம்மா வா” மாதிரி ரெண்டு வார்த்தை சேர்க்கறதும் எதிர்பார்ப்போம்.

முதல்ல காது டெஸ்ட். “கதவு சத்தத்துக்குத் திரும்பறானே”ன்னு எல்லாரும் சொல்றாங்க, கதவு சத்தம் பெருசு, பேச்சுல இருக்கற ‘ச’, ‘த’ எல்லாம் ரொம்ப மெல்லிசு, அது விழாம கதவு மட்டும் விழலாம். சத்தம் காது வழியா மூளைக்குப் போகுதான்னு பார்க்கற பெரா (BERA) டெஸ்ட்டை குழந்தை தூங்கும்போதே எடுத்துடலாம், வலி கிடையாது.

வீட்ல ஒண்ணு பண்ணுங்க. பந்தைக் கையில பிடிச்சுக்கிட்டு “பந்து... உருட்டு”ன்னு சொல்லிட்டு நிறுத்துங்க, வாய மூடிக்கிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. நான் பார்த்தவரைக்கும் ரெண்டு எண்ணறதுக்குள்ள அம்மாவே பதில் சொல்லிடறாங்க, குழந்தைக்கு முறையே வர்றதில்ல. அவன் பார்த்தாலும் சரி, கை நீட்டினாலும் சரி, “உ”ன்னு ஒரு சத்தம் போட்டாலும் சரி, உடனே உருட்டுங்க. “பந்து சொல்லு, சொன்னாத்தான் தருவேன்”னு மட்டும் மிரட்டாதீங்க. “இது என்ன, அது என்ன”ன்னு கேள்வியா கேக்காம, அவன் எதைப் பார்க்கறானோ அதைப் பத்தி நீங்க பேசுங்க.

கேள்வி: நாக்குக்கு அடியில சவ்வு ஒட்டியிருக்கு, வெட்டினா பேச்சு வந்துடுமா?

பதில்: நாக்கு ஒட்டறதால வார்த்தை லேட்டாகாது. பச்சைக் குழந்தைக்குப் பால் குடிக்கக் கஷ்டம் கொடுக்கும், பெரிய குழந்தைக்கு ஒண்ணு ரெண்டு சத்தம் தடுமாறலாம், அவ்வளவுதான். நாக்கை மட்டும் பார்த்துட்டு காது டெஸ்ட்டை விட்டுடாதீங்க.

கேள்வி: நாலு வயசுப் பொண்ணு “ப-ப-ப-பந்து”ன்னு திக்கறா. “மெதுவா பேசு”ன்னு சொல்லிச் சொல்லிப் பார்க்கறோம், அதிகம்தான் ஆகுது.

பதில்: அதைச் சொல்றதை இன்னைக்கே நிறுத்திடுங்க. திக்கல் பெரும்பாலும் 2லேருந்து 5 வயசுக்குள்ளதான் ஆரம்பிக்கும், நிறைய பேருக்குத் தானாவே போயிடும். “மெதுவா பேசு”ன்னா அவளுக்கு என்ன புரியும், நான் பேசறது தப்புன்னுதான் புரியும். நீங்க மெதுவா பேசுங்க, அவ சொல்லி முடிக்கற வரைக்கும் முகத்தைப் பாருங்க, வார்த்தையை நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க. பேசும்போது கண்ணை இறுக்கறா, முகம் கோணுது, குடும்பத்துல திக்கல் இருக்கு, இல்ல ஆறு மாசத்துக்கு மேல போகுதுன்னா உடனே கூட்டிட்டு வாங்க.

கேள்வி: வீட்ல ரெண்டு பாஷை. குழம்பிடுமா?

பதில்: குழம்பாது. பேச்சு தாமதத்துக்கு அது காரணமே இல்ல. உங்களுக்குச் சரளமா வர்ற பாஷையில பேசுங்க.

கேள்வி: அஞ்சு வயசு மகளுக்குப் பேச்சு வரல. படத்தைத் தொட்டுக் காட்டற போர்டு கொடுக்கறாங்க. இதுக்குப் பழகிட்டா இனி பேசவே மாட்டாளேன்னு மனசு கேக்கல.

பதில்: இந்த பயத்தோட வர்ற அப்பா அம்மா நிறைய பேரைப் பார்த்திருக்கேன், பயம் நியாயம்தான், ஆனா படம் கொடுத்ததால பேச்சு நின்னுபோகாது, சில பிள்ளைங்களுக்குப் படத்தோட சேர்ந்தே சத்தமும் வர ஆரம்பிக்கும். பேச்சு வர்ற வரைக்கும் அவ “வலிக்குது”ன்னு யார்கிட்ட எப்படிச் சொல்வா, சொல்லுங்க.

எங்க வார்டுல ஒரு பொண்ணு, ரத்தம் எடுக்க வந்தாலே கடிக்கும், ரெண்டு பேர் அழுத்திப் பிடிச்சாத்தான் முடியும். நாலு படம் வச்ச ஒரு அட்டை கொடுத்தோம், அதுல ஒண்ணு விரிச்ச கை, ‘நிறுத்து’. அடுத்த நாள் ஊசி வந்ததும் அதைத் தொட்டா. நர்ஸ் உடனே நிறுத்திட்டாங்க, ஊசியை ட்ரேயில வச்சிட்டு பக்கத்துல உக்காந்துட்டாங்க. மூணு தடவை தொட்டா, மூணு தடவையும் நிறுத்தினாங்க. நாலாவது தடவை அவளே கையை நீட்டினா.

போர்டை வாங்கிட்டுப் போங்கம்மா, பெட்டியில வைக்காம அவ கைக்கு எட்டற இடத்துல வைங்க, நீங்களும் அவகிட்ட பேசும்போது அதே படத்தைத் தொட்டுத் தொட்டுப் பேசுங்க.