வைப்பு, கடன், வங்குரோத்து: திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

வங்கி முகாமையாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், வைப்பு, கடன், அடகு, அரச நிதி ஆகியவை பற்றிய கேள்விகளுக்கு மட்டுமே இங்கு பதில் எழுதுகிறேன். எந்தப் பங்கை வாங்கலாம், எந்தக் காணி உறுதி செல்லுபடியாகும் என்பவற்றை உரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (உப்புவெளி): 2022 மே 10ஆம் திகதி, பதவி விலகிய பிரதமர் மகிந்த ராஜபக்ச எமது கடற்படைத் தளத்துக்குக் கொண்டுவரப்பட்டார். நாட்டின் பொருளாதாரம் திசைமாறிய நாள் அதுதான் என்று கொள்ளலாமா ஐயா?

பதில்: கொள்ள முடியாது. திருகோணமலையில் இருப்பவர்களுக்கு அந்த நாள் மறக்க முடியாததுதான்; தளத்தின் வாயிலில் மக்கள் திரண்டு நின்றதை ஊரே பேசியது. ஆனால் பணத்தின் கணக்கில் அது மிகவும் பிந்திய நாள். வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக நிதி அமைச்சு அறிவித்தது ஏப்ரல் 12ஆம் திகதி. அதற்கு 4 நாட்களுக்கு முன்னர், புதிதாகப் பொறுப்பேற்றிருந்த ஆளுநர் நந்தலால் வீரசிங்கவின் தலைமையில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அதற்கும் முன்னர், மார்ச் 7ஆம் திகதி, ஏறத்தாழ 200 ரூபாயில் பிடித்து வைக்கப்பட்டிருந்த டொலரின் விலை தளர்த்தப்பட்டது. மே மாதத்தில் அது 360 ரூபாயைத் தொட்டது.

இவையும் விளைவுகளே. காரணத்தைத் தேடினால் 2019 டிசம்பர் 1ஆம் திகதிக்குப் போக வேண்டும். அன்று பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது, எல்லோரும் மகிழ்ந்தார்கள். அரசின் வருமானம் சரிந்தது. 2020 செப்டம்பரில் மூடிஸ் நிறுவனம் இலங்கையின் கடன் தரத்தை ஒரேயடியாக இரண்டு படிகள் இறக்கியபோது, சர்வதேசச் சந்தையில் புதிய முறிகளை (அரசு கடன் வாங்குவதற்காக விற்கும் பத்திரங்களை) விற்றுப் பழைய முறிகளை அடைக்கும் வழி மூடப்பட்டுவிட்டது. 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு ஒதுக்கு 2021 முடிவில் ஏறத்தாழ 3.1 பில்லியனாக இருந்தது. அதிலும் பாதியளவு, நினைத்தபடி செலவிட முடியாத சீன நாணயப் பரிமாற்றத் தொகை. அந்த நிலையில், 2022 ஜனவரி 18ஆம் திகதி முதிர்ந்த 500 மில்லியன் டொலர் முறியை முழுமையாகச் செலுத்தினார்கள். என் கருத்தில் அது தவறான முடிவு.

கெட்ட செய்தி அறிவிக்கப்படும் நாளை விட்டுவிட்டு, அது உருவான நாளைத் தேடும் பழக்கம் எமக்கு வர வேண்டும். தனியார் நிறுவனங்களின் வீழ்ச்சிக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

கேள்வி (நிலாவெளி, விடுதி நடத்துபவர்): ஒரு நிறுவனம் மாதம் 5 வீதம் இலாபப் பங்கு தருவதாகச் சொல்கிறது. கம்பனிப் பதிவுச் சான்றிதழையும் காட்டினார்கள். என் மைத்துனருக்கு மூன்று மாதமாக ஒழுங்காகப் பணம் வருகிறது. நம்பலாமா?

பதில்: மாதம் 5 வீதம் என்பது, வட்டிக்கு வட்டி சேர்த்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 80 வீதம். உங்கள் விடுதி மிக நன்றாக நடக்கும் பருவத்தில்கூட அந்த இலாபத்தைத் தராது என்பது உங்களுக்கே தெரியும். அப்படியிருக்க, இன்னொருவர் அதைச் சம்பாதித்து, தன் செலவையும் கழித்து, மீதியை உங்களுக்குத் தருகிறார் என்றால், பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அது பின்னால் சேர்ந்தவரின் முதல். உங்கள் மைத்துனருக்கு வரும் பணம், நீங்கள் சேர்ந்தால் உங்களுடைய பணமாக இருக்கும்.

கம்பனிப் பதிவு வேறு. வைப்பு ஏற்பதற்கான உரிமம் வேறு. தேநீர்க் கடை நடத்துவதற்கும் கம்பனி பதியலாம். பொதுமக்களிடமிருந்து வைப்பு வாங்குவதற்கு மத்திய வங்கியின் உரிமம் வேண்டும். அது இல்லாமல் வாங்குவது 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித் தொழில் சட்டத்தின் கீழ்க் குற்றம். உரிமம் பெற்ற வங்கிகளினதும் நிதிக் கம்பனிகளினதும் பட்டியலை மத்திய வங்கி தனது இணையத்தளத்தில் மூன்று மொழிகளிலும் வெளியிடுகிறது. முதலில் அந்தப் பட்டியலைப் பாருங்கள். அதில் பெயர் இல்லையென்றால் மேற்கொண்டு கேட்பதற்கு எதுவும் இல்லை.

2008 டிசம்பரில் சரிந்த கோல்டன் கீ நிறுவனம் பெயரளவில் கடன் அட்டை நிறுவனம். செலிங்கோ குழுமத்தின் பெயரை நம்பி, ஏறத்தாழ 9,000 பேர் 26 பில்லியன் ரூபாய் வரை அங்கு வைத்திருந்தார்கள். அவர்களில் படித்தவர்களும் ஓய்வூதியர்களும் நிறையப் பேர். உரிமம் இருக்கிறதா என்று அவர்கள் கேட்காததற்குக் காரணம் அறியாமையல்ல. ஒழுங்காக வட்டி வந்துகொண்டிருந்ததே காரணம்.

உரிமம் இருந்தாலும் ஆபத்து முற்றாக நீங்கிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். த ஃபினான்ஸ் கம்பனி பழைய, உரிமம் பெற்ற நிறுவனம். 2020 மே மாதத்தில் அதன் உரிமம் இரத்துச் செய்யப்பட்டது. அப்போது வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒரு வைப்பாளருக்கு 6 இலட்சம் ரூபாய் வரையே ஈடு வழங்கியது. 2021இல் அந்த எல்லை 11 இலட்சமாக உயர்த்தப்பட்டது. ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு எத்தனை கணக்குகள் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்தே இந்த 11 இலட்சம் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி (திருக்கடலூர்): மண்ணெண்ணெய் விலை ஒரே இரவில் ஏறியபோது படகு இயந்திரத்துக்கு எடுத்த கடனைக் கட்ட முடியாமல் போனது. இப்போது எந்த வங்கியும் கடன் தர மறுக்கிறது. என் பெயர் கெட்டுவிட்டதா?

பதில்: 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. எமது கரையோரத்தில் வெளி இயந்திரப் படகு வைத்திருந்தவர்கள் அனைவரும் அந்த அடியை வாங்கினார்கள். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையாக இருந்தால் அது செயற்படாக் கடன் எனக் கணக்கிடப்படும். கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையிலும் தெரியும். அந்த அறிக்கையை நீங்களே பெற்றுப் பாருங்கள். பின்னர் கடன் கொடுத்த கிளைக்கு நேரில் சென்று, உங்களால் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதை எழுத்தில் கொடுத்து, மறுசீரமைக்கக் கேளுங்கள். கட்டி முடித்த கடன், தாமதமாக முடிந்திருந்தாலும், கட்டாத கடனைவிட எவ்வளவோ மேல். இதைத் தள்ளிப்போடாதீர்கள் தம்பி; கடிதத்தின் பிரதி ஒன்றில் திகதி முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (உவர்மலை, ஓய்வுபெற்ற ஆசிரியர்): முதல் பதிலில் ஜனவரிக் கொடுப்பனவைத் தவறு என்றீர்கள். சுதந்திரத்துக்குப் பின்னர் அதுவரை வெளிநாட்டுக் கடனில் ஒரு தவணையும் தவறாத நாடு இது. சொன்ன நாளில் கடனைக் கொடுத்தது எப்படித் தவறாகும்?

பதில்: மதிப்புக்குரிய ஐயா, நல்ல பெயரின் பயன் அடுத்த கடன் கிடைப்பது. அந்தக் கதவு 2020லேயே மூடப்பட்டுவிட்டது; எனவே 2022 ஜனவரியில் கொடுத்த 500 மில்லியன் புதிய கடன் எதையும் பெற்றுத் தரவில்லை. மேலும், அந்தப் பணம் யாருக்குப் போனது என்றும் பார்க்க வேண்டும். நாடு தடுமாறுகிறது என்று தெரிந்து அந்த முறிகளைக் குறைந்த விலைக்கு வாங்கி வைத்திருந்தவர்களுக்கும் முழுப் பெறுமதி கிடைத்தது. எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றவர்கள்தான் அந்த நல்ல பெயருக்கான விலையைக் கொடுத்தார்கள்.

கேள்வி (கிண்ணியா, வர்த்தகர்): ஆசிரியருக்கு என்னுடைய பதிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டொலர் இல்லாமல் எங்கள் பருப்பும் வெங்காயமும் கொழும்புத் துறைமுகத்தில் கிடந்தன. ஜனவரியில் 500 மில்லியனைக் கொடுத்துவிட்டு, பெப்ரவரி 2ஆம் திகதி எரிபொருளுக்காக இந்தியாவிடம் 500 மில்லியன் கடன் வாங்கினார்கள். இது என்ன கணக்கு?

பதில்: தொகை ஒன்றாக இருப்பது மனதை உறுத்தத்தான் செய்யும். ஆயினும் இரண்டும் ஒரே வகைப் பணமல்ல. இந்தியா தந்தது எரிபொருள் வாங்குவதற்கென்று கட்டுப்படுத்தப்பட்ட கடன் வசதி. அதைக் கொண்டு முறியை அடைத்திருக்க முடியாது. முறிக்குக் கொடுத்ததோ கையிலிருந்த டொலர். அதைக் கொண்டு பருப்பையும் மருந்தையும் இறக்கியிருக்கலாம். ஆகவே உங்கள் கோபம் நியாயமானது, ஒப்பீடுதான் முழுவதும் சரியல்ல.

கேள்வி (தம்பலகாமம்): தொலைபேசிச் செயலி ஒன்றில் டொலராக முதலீடு செய்தால் நாளாந்தம் இலாபம் வருகிறது. இது நிதிக் கம்பனி அல்ல என்பதால் உங்கள் பட்டியலில் இருக்காது என்கிறார்கள்.

பதில்: பட்டியலில் இல்லாததை நற்சான்றாகக் காட்டுவது புதிய துணிச்சல்! 2023 ஓகஸ்டில் எம்.ரி.எஃப்.இ. என்ற செயலி இப்படித்தான் பல நாடுகளில் ஒரே நேரத்தில் சரிந்தது. வங்கித் தொழில் சட்டத்தின் 83இ பிரிவு பிரமிட் திட்டங்களை நடத்துவதை மட்டுமன்றி, அவற்றில் ஆள் சேர்ப்பதையும் குற்றமாக்குகிறது. நீங்கள் உறவினரைச் சேர்த்தால் நீங்களும் சட்டத்தின் முன் நிற்பீர்கள்.

கேள்வி (உவர்மலை, அதே ஆசிரியர்): ஜனவரியில் கொடுக்காமல் விட்டிருந்தால் அன்றே வெளிநாட்டு வங்கிகள் நாணயக் கடிதங்களை (இறக்குமதிப் பொருளுக்குப் பணம் கிடைக்கும் என்ற வங்கி உறுதிகளை) நிறுத்தியிருக்கும்; முறி வைத்திருந்தவர்கள் வழக்குப் போட்டிருப்பார்கள். ஆயத்தமின்றி விழுவதைவிட மூன்று மாதம் தள்ளிப்போட்டது நல்லதல்லவா?

பதில்: உங்கள் வாதத்தின் வலுவான பகுதி, ஆயத்தம் பற்றியது. சர்வதேச நாணய நிதியத்துடன் பேச்சு இல்லை, கடன் ஆலோசகர்கள் இல்லை என்ற நிலையில் கடனை நிறுத்துவது ஆபத்தானதே. ஆனால் அந்த மூன்று மாதத்தில் ஆயத்தம் நடந்ததா? நிதியத்தை நாடுவதாக அரசு அறிவித்ததே மார்ச் நடுப்பகுதியில். ஒதுக்கு மட்டும் கரைந்தது. மே மாதத்தில் பயன்படுத்தக்கூடிய டொலர் 50 மில்லியனுக்கும் குறைவு என்று அரசே சொன்னது. நீங்கள் அஞ்சிய வழக்கும் வராமல் போகவில்லை. 2022 ஜூலையில் முதிரவிருந்த முறியில் 250 மில்லியன் டொலருக்கு மேல் வைத்திருந்த ஹமில்டன் ரிசேர்வ் வங்கி, ஜூன் மாதத்தில் நியூயோர்க் நீதிமன்றத்துக்குப் போனது.

ஆகவே, ஜனவரி 18 அன்று இருந்த இரண்டு தெரிவுகளும் மோசமானவை என்பதில் உங்களுடன் உடன்படுகிறேன். நல்ல தெரிவு 2020இல் இருந்தது. தரமிறக்கம் வந்த உடனேயே நிதியத்திடம் போயிருந்தால் கடனை ஒழுங்காகப் பேசித் தீர்த்திருக்கலாம். நிதியத்தின் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் திட்டம் 2023 மார்ச் 20ஆம் திகதிதான் அங்கீகரிக்கப்பட்டது. முறிகளின் பரிமாற்றம் 2024 டிசம்பரில்தான் முடிந்தது. பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தில் முன்னாள் ஆட்சியாளர்களும் அதிகாரிகளும் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பர் 14ஆம் திகதி தீர்ப்பளித்தது. இதே பொருளில் மேலும் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் புதிய வாதம் இல்லாததால் இதனை இங்கு நிறுத்துகிறேன்.

கேள்வி (சீனக்குடா): எண்ணெய்க் குதங்களை இந்தியாவுக்குக் கொடுத்ததும் அதே ஜனவரியில்தானே?

பதில்: ஆம், 2022 ஜனவரி 6. 99 குதங்களில் 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிகுதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம். சரியா பிழையா என்பது அரசியல். அது என் துறையல்ல.

கேள்வி (மூதூர்): தங்கம் ஏறிக்கொண்டே போகிறது. நகையை அடகு வைத்து அந்தப் பணத்தில் மேலும் தங்கம் வாங்கலாம் என்கிறார் என் கணவர்.

பதில்: வேண்டாம் தங்கச்சி. போர் முடிந்த பின்னர், தங்கம் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில், வங்கிகள் ஒரு பவுணுக்குக் கூடுதலான முற்பணம் கொடுப்பதில் போட்டியிட்டன. விதைப்புக்கும் வலைக்கும் வீட்டுக் கூரைக்கும் எமது மாவட்டத்துப் பெண்களின் நகைகள் வங்கிப் பெட்டகத்துக்குப் போயின. 2013 ஏப்ரல் நடுப்பகுதியில், இரண்டே வர்த்தக நாட்களில், உலகச் சந்தையில் தங்கம் 13 வீதமளவில் விழுந்தது. முதலும் வட்டியும் சேர்ந்து நகையின் விலையைத் தாண்டியதும் பலர் மீட்க வரவில்லை. ஏலம் போட்டும் வங்கிகளுக்கு நட்டம் வந்தது. வங்கி நட்டத்தைக் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த ஆண்டுக்குப் போனது. தாலிக்கொடியை இழந்தவருக்கு அப்படி ஒரு ஏடு இல்லை. அவசரத் தேவைக்கு அடகு வைப்பதானால், தருவதாகச் சொல்லும் முழுத் தொகையையும் எடுக்காமல், தேவையானதை மட்டும் எடுங்கள். மீட்கும் திகதியை வீட்டில் எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி (பாலையூற்று): 2023இல் கடன் மறுசீரமைப்பின்போது ஊழியர் சேமலாப நிதியிலிருந்து எங்கள் பணத்தை எடுத்துவிட்டார்களா?

பதில்: முதல் தொகையில் கைவைக்கவில்லை, எதிர்கால வருமானத்தில் கைவைத்தார்கள். சேமலாப நிதி வைத்திருந்த திறைசேரி முறிகள் (அரசின் உள்நாட்டுக் கடன் பத்திரங்கள்), 12 வீதத்தில் தொடங்கிப் பின்னர் 9 வீதமாக இறங்கும் நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. மாற்ற மறுத்தால் வருமான வரி 14 வீதத்துக்குப் பதிலாக 30 வீதம் என்று நிபந்தனை விதித்தார்கள். வங்கிகளின் திறைசேரி முறிகளை இந்தத் திட்டத்தில் சேர்க்கவில்லை. சுமை உழைப்பவரின் ஓய்வுக்காலச் சேமிப்பின் மேல் விழுந்தது என்பதே என் அபிப்பிராயம்.

கேள்வி (லிங்கநகர்): நண்பர் ஒருவர் நடத்தும் திட்டத்தில் மாதம் 4 வீதம் தருகிறார்கள். 5 வீதம்தான் ஆபத்து என்றால், இது பாதுகாப்பானதா?

பதில்: இல்லை. நிலாவெளிக்காரருக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.

கேள்வி (குச்சவெளி): பாட்டனாரின் காணிக்கு அனுமதிப்பத்திரம் மட்டுமே இருக்கிறது. விற்கலாமா?

பதில்: பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேளுங்கள்.

கேள்வி (அநுராதபுரச் சந்தி): 2022 முடிவில் 25 வீதத்துக்கும் கூடுதலான வட்டி கிடைத்தது. அந்தக் காலம் திரும்புமா?

பதில்: திரும்பக் கூடாது என்று வேண்டிக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். 25 வீத வட்டி வாங்கியவரும் உண்மையில் இழந்துகொண்டுதான் இருந்தார். 2021இல் 6 வீதத்துக்கு நீண்டகால வைப்பு இட்டவரின் நிலை இன்னும் மோசம்: வைப்பு முதிர்ந்தபோது ரூபாய் முழுவதும் கிடைத்தது, வாங்கும் சக்தியில் பெரும்பகுதி போய்விட்டது. வங்கி எதுவும் மூடப்படாமலும் சேமிப்பு அழியலாம் என்பதை எமது தலைமுறை அந்த ஆண்டில்தான் கண்டது.

கேள்வி (கந்தளாய்): நான் வைப்பு இட்டிருக்கும் நிதிக் கம்பனி இன்னொரு கம்பனியுடன் இணைக்கப்படுவதாகக் கடிதம் வந்திருக்கிறது. உடனே பணத்தை எடுத்துவிடவா?

பதில்: அவசரப்பட வேண்டியதில்லை. இணையும்போது உங்கள் வைப்புக்கான பொறுப்பு புதிய கம்பனிக்கு மாறும். வட்டியும் முதிர்வுத் திகதியும் மாறுகின்றனவா என்பதைக் கடிதத்தில் பாருங்கள், இல்லையேல் எழுத்தில் கேளுங்கள். இரண்டு கம்பனிகளிலும் உங்களுக்கு வைப்பு இருந்தால் மட்டும் கவனம் வேண்டும்: இணைந்த பின்னர் இரண்டும் ஒரே நிறுவனத்து வைப்பாகிவிடும் என்பதால், கூட்டுத்தொகை 11 இலட்சத்தைத் தாண்டினால், முதிரும் நாளில் மேலதிகத்தை வேறு நிறுவனத்துக்கு மாற்றுங்கள். முதிர்வுக்கு முன்னர் எடுத்தால் வட்டியில் ஒரு பகுதியை வெட்டுவார்கள். புதிய பெயரில் வைப்புச் சான்றிதழ் தரும்வரை பழையதைக் கையளிக்க வேண்டாம்.